கைதட்டினால் மட்டும் எரியும் லேசரைத் திருப்பி அனுப்ப உத்தரவு கோருதல்

அனுப்புநர்
சி. இசைவாணி,
முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்,
தாவரவியல் துறை,
முத்துக்குமரப்பா கலை அறிவியல் கல்லூரி,
திண்டிவனம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விழுப்புரம் மாவட்டம்,
விழுப்புரம்.

பொருள்: நுண்ணோக்கிக்கு வாங்கக் கோரிய லேசருக்குப் பதிலாகத் திருமண வரவேற்பு லேசர் வாங்கப்பட்டது – விற்றவர் திரும்பப் பெறத் தயார் – வாங்கியவர்கள் திருப்பித் தர மறுப்பு – தலையிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: கல்லூரிக் கொள்முதல் குழுவிடம் நான் நேரில் அளித்த வேண்டுகோள்களும், அவற்றுக்குப் பதிலாகக் கிடைத்த புன்னகைகளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பட்டா, உதவித்தொகை, சாலை, குடிநீர் என்று வந்து குவியும் திங்கள்கிழமை மனுக்களுக்கு நடுவே லேசர் என்ற சொல்லைக் கண்டதும், இது நமக்கு உரியதல்ல என்று தாங்கள் வேறு துறைக்குத் தள்ளிவிடக் கூடும். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதுவும் மல்லாட்டை பற்றிய மனுதான்.

1. நான் ஓமந்தூரைச் சேர்ந்தவள். திண்டிவனம் வட்டாரத்தில் மல்லாட்டைச் செடிகளை, அதாவது நிலக்கடலைச் செடிகளை, நன்றாக இருக்கும்போதே சாய்த்துவிடும் வேரழுகல் நோய்தான் என் ஆய்வுப் பொருள். வேருக்குள் இரண்டு வகைப் பூஞ்சைகள் இருக்கின்றன. ஒன்று கேடு செய்வது, இன்னொன்று காப்பது என்பது என் கணிப்பு. எது முதலில் நுழைகிறது என்று தெரிந்தால், விதைக்கும்போதே என்ன செய்யலாம் என்று விவசாயிகளுக்குச் சொல்ல முடியும். ஆய்வேட்டில் எழுத வேண்டியதையெல்லாம் எழுதிவிட்டேன். வேருக்குள் எடுத்த படங்கள் மட்டும் இல்லை. இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் படங்களோடு ஆய்வேட்டைத் தராவிட்டால் என் பதிவு ரத்தாகும், இனி நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகம் எழுத்துமூலம் தெரிவித்துவிட்டது. நான் தங்களிடம் வருவதற்கு இதுதான் காரணம்.

2. எங்கள் துறையில் லேசரால் இயங்கும் நுண்ணோக்கி ஒன்று உண்டு. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம் புதியது வாங்கியபோது பழையதை எங்களுக்கு அன்பளிப்பாகத் தந்தது. நுண்ணோக்கி நல்ல நிலையில் உள்ளது. அதற்குள் இருந்த லேசர் மட்டும் வயதாகி அணைந்துவிட்டது. எனவே புதிய லேசர் ஒன்று வாங்கினால் போதும் என்று என் நெறியாளர் முனைவர் கோதண்டபாணி அவர்கள் விண்ணப்பித்தார். ஆய்வு நிதியும் வந்தது. இதுவரை யாரிடமும் எந்தக் குறையும் இல்லை என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

3. எந்த லேசர் வாங்குவது என்று தேர்வு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது விசாரித்ததைவிட அதிகமாக நான் இதற்கு விசாரித்தேன். முதலில் நிறம். பூஞ்சைக்கு நான் ஏற்றும் சாயம் குறிப்பிட்ட ஒரு நீல ஒளி பட்டால்தான் பச்சையாக ஒளிரும். அது 488 நானோமீட்டர் நீலம். வேறு நிறத்தைக் காட்டினால் சாயம் கண்டுகொள்ளாது. அடுத்தது வலிமை. ஊதுபத்தி ஏற்றும் அளவுதான் வேண்டும், அதாவது சில மில்லிவாட். மிஞ்சினால் சாயமும் போகும், வேரும் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக நிதானம் வேண்டும். இந்த நுண்ணோக்கி ஒரே பார்வையில் படம் எடுப்பதில்லை. வாசலில் புள்ளி வைப்பது போல ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுத் தொட்டுப் படத்தை நிரப்பும். ஒளி துளி நடுங்கினாலும் படம் கலைந்துவிடும். பழுதானால் வந்து பார்க்கச் சென்னையிலோ பெங்களூரிலோ ஆள் இருக்கிறாரா என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

4. பெங்களூர் நிறுவனம் ஒன்றின் பொறியாளர் மாதிரிக்காக ஒரு லேசரை எடுத்துவந்து ஒரு நாள் பொருத்திக் காட்டினார். அன்று பெருமுக்கல் கிராமத்தில் இருந்து கொண்டுவந்த வேரை வைத்துப் பார்த்தேன். ஐயா, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இருட்டில் பச்சை நூல்கள். ஒன்றையொன்று தொடாமல் இரண்டு வகைப் பூஞ்சை நூல்கள் பக்கத்துப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. என் கணிப்பு வெறும் கணிப்பு அல்ல என்று எனக்கே அன்றுதான் நம்பிக்கை வந்தது. எது முதலில் வந்தது என்று பார்ப்பதற்குள் பொறியாளருக்குப் பேருந்து நேரமாகிவிட்டது. லேசரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அந்த நூல்களைப் பார்க்கவில்லை.

5. இனி கொள்முதல் குழு. அதன் தலைவர் எங்கள் கல்லூரிச் செயலாளர் திரு. சின்னதுரை அவர்கள். கல்லூரியின் மீது மிகுந்த பற்றுடையவர் என்பதில் ஐயமில்லை; அந்தப் பற்றுதான் இங்கே எனக்கு எதிராக வேலை செய்தது. என் குறிப்பைப் படித்ததும் அவர் கேட்டது: “ஏம்மா, இவ்ளோ நிதி வாங்கிக்கினு ஒரே ஒரு கலரா? அதுவும் மில்லியா? நம்ம காலேஜு என்னா மில்லி கேக்கிற நெலமையிலயா இருக்குது?” குறைவாக இருப்பதுதான் அதன் சிறப்பு என்று நெறியாளர் விளக்கினார். விளக்கம் குழுவின் குறிப்பேட்டில் ஏறவில்லை.

6. விதிப்படி மூன்று இடங்களில் விலைப்புள்ளி பெற வேண்டும். இந்த வகை லேசர் விற்பவர்கள் நாட்டிலேயே கொஞ்சம் பேர். இரண்டு விலைப்புள்ளிகள்தான் வந்தன. மூன்றாவது இல்லாமல் கூட்டம் நடத்த முடியாது, கூட்டம் நடத்தாமல் ஆணை தர முடியாது. இப்படிப்பட்ட நேரங்களில் எண்ணிக்கைக்காக எங்கிருந்தாவது மூன்றாவதாக ஒரு தாள் வாங்கி வைப்பது எங்கள் அலுவலக வழக்கம். நாற்காலி வாங்கும்போதும் அப்படித்தான், சுண்ணாம்பு வாங்கும்போதும் அப்படித்தான். அலுவலகக் கண்காணிப்பாளர் திரு. சகாயராஜ் அவர்கள், கல்லூரி ஆண்டு விழாவுக்கு ஒலி ஒளி அமைக்கும் திரு. பிரவீன்குமாரைக் கைப்பேசியில் அழைத்து, “உன்கிட்ட லேசரு இருக்குது இல்ல, ஒரு கொட்டேஷன் போட்டுக் குடுப்பா, சும்மா கணக்குக்குதான்” என்று கேட்டிருக்கிறார். அவரும் மணமக்கள் மாலை மாற்றும் படம் போட்ட தம் கடைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். யார் மீதும் தீய எண்ணம் இல்லை. எனக்கு உதவுவதற்காகவே திரு. சகாயராஜ் இதைச் செய்தார். தனிப்பட்ட முறையில் என்னிடம் இனிப்பும் கேட்டார்.

7. ஆனால் ஐயா, குறைந்த விலை கேட்டவருக்கே ஆணை என்பதும் விதிதான். எண்ணிக்கைக்காக வந்த தாள்தான் மூன்றிலும் குறைந்த விலை.

8. என் நெறியாளர் எழுந்து நின்று மறுத்தார். அவர் அதிர்ந்து பேசாதவர். மின்விசிறியை நிறுத்தினால்தான் கேட்கும். அன்று மின்விசிறி ஓடியது. குழு ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்தது. நாங்கள் கேட்டது ஒரு நிறம், கிடைப்பது ஏழு. கேட்டது மில்லிவாட், கிடைப்பது முழு வாட்டுகள். மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள், இவர் சாயங்காலமே கொண்டுவருகிறார். கூடுதலாகப் புகை கக்கும் இயந்திரம் ஒன்று இலவசம். எந்தத் தணிக்கையாளர் பார்த்தாலும் பாராட்டும்படியான கொள்முதல் இது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

9. ஆணையைப் பெற்ற திரு. பிரவீன்குமார் மறுநாளே கல்லூரிக்கு ஓடிவந்தார். அவர் சொன்னதை நான் உடனிருந்து கேட்டேன்: “சார், நான் கல்யாணம் காதுகுத்துக்குப் போடுறவன் சார். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்குப் போடுறவன். மைக்ராஸ்கோப்புன்னா என்னான்னே எனக்குத் தெரியாது சார்.” அதற்கு அலுவலகம் அளித்த பதில்: “ஆர்டர் ஆயிடுச்சு. இப்ப மாட்டேன்னா பேரைக் கறுப்புப் பட்டியல்ல சேர்த்துடுவாங்க, அப்புறம் ஆண்டு விழாவும் கெடையாது.” வேறு வழியின்றி, தம்மிடம் இருப்பதிலேயே பெரிய லேசரைத் துடைத்துப் பொட்டு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

10. நிறுவும் விழா சிறப்பாக நடந்தது. நாகஸ்வரம், தவில் எல்லாம் உண்டு. செயலாளர் அவர்கள் பொத்தானை அழுத்தியதும் கலையரங்கச் சுவரில் நல்வரவு என்று எழுத்து வந்தது. பிறகு செயலாளரின் பெயர், பிறகு தோகை விரிக்கும் மயில் ஒன்று. கூட்டம் ஆர்ப்பரித்தது. என் நெறியாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைப் போர்த்திக்கொண்டு அவர் அந்த மயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

11. மறுநாள் ஆய்வகத்தில் பொத்தானை அழுத்தினோம். எரியவில்லை. மீண்டும் அழுத்தியும் எரியவில்லை. பழுது என்றே நினைத்து, உண்மையைச் சொன்னால், நான் மகிழ்ந்தேன். அந்த நேரம் பார்த்து நெறியாளரின் கைப்பேசியில் பக்திப் பாட்டு ஒலித்தது. லேசர் ஏழு நிறத்திலும் பாய்ந்து ஆடியது. நெறியாளர் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டார். திரு. பிரவீன்குமாரைக் கேட்டோம். “சவுண்டு கேட்டாதான் மேடம் அது எரியும். பேச்சுக்கெல்லாம் எரியாது. மேளம் அடிக்கணும், இல்ல கைதட்டணும். அதான் அதுக்குப் பெருமையே” என்றார்.

12. வாங்கியாகிவிட்டது, முயற்சியாவது செய்து பார்ப்போம் என்று பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு தயாரானோம். இவ்வளவு வலுவான ஒளி கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். நுண்ணோக்கியை உறை போட்டு மூடிவிட்டு, தனியாக ஒரு வேர்த்துண்டை மட்டும் ஒளிக்கு முன் வைத்தேன். நெறியாளர் கைதட்டினார். அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, பணி ஓய்வை நெருங்கும் ஒருவர், பூட்டிய அறைக்குள், தாளம் தப்பாமல் கைதட்டினார். தட்டும்போது ஒளி வந்தது. தட்டுக்குத் தட்டு இடம் மாறி ஆடியது. ஒரு வீச்சில் வேரின் மீது பட்டது. புகை எழுந்தது. வராந்தாவில் போன உதவியாளர் கதவைத் தட்டி, “என்னா சார், மல்லாட்டை வறுக்கிறீங்களா? வாசனை தூக்குது” என்று கேட்டார். நாங்கள் கேட்டது ஊதுபத்தி ஏற்றும் நெருப்பு. கிடைத்தது போகிக்குக் கொளுத்தும் நெருப்பு.

13. லேசரைத் திருப்பிவிடலாம் என்று கேட்டோம். திரு. பிரவீன்குமார் பெற்ற தொகை முழுவதையும் தந்து திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார். சொல்லப்போனால் எங்களைவிட அவருக்குத்தான் அவசரம்: “மேடம், அது இல்லாம அமாவாசைக்கு மேல்மலையனூர்ல ஒரு பக்கம் இருட்டாவே கெடக்குது. ஊரே என்னைப் பேஜாரு பண்ணுது. எப்படியாவது வாங்கிக் குடுங்க மேடம்.” வாங்கச் சொன்ன நானும் வேண்டாம் என்கிறேன், விற்றவரும் கொடு என்கிறார். இடையில் நிற்பது விதி. இருப்பில் ஏற்றிய பொருளை அது இயங்கவில்லை என்றால்தான் வெளியேற்ற முடியுமாம். இயங்குகிறதா என்று இயற்பியல் துறையினர் வந்து சோதித்தார்கள். அறைக்குள் நுழைந்ததும் எல்லாரும் சேர்ந்து கைதட்டினார்கள். மிகச் சிறப்பாக இயங்குகிறது என்று சான்று கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படியானால் இன்னொரு லேசர் வாங்கித் தாருங்கள் என்றால், இருப்பில் ஏற்கெனவே ஒரு லேசர் இருக்கிறதே என்கிறார்கள்.

14. இதற்கிடையில் லேசருக்கு வெளியில் நல்ல பெயர் வந்துவிட்டது. செயலாளரின் உறவினர்கள், நண்பர்கள் வீட்டு விசேஷங்களுக்கு அது போய்வருகிறது. கல்லூரிச் சொத்து பொறுப்பாளர் துணையின்றி வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்பது இன்னொரு விதி. பொறுப்பாளர் நான். ஆகவே விழுப்புரத்தில் வளைகாப்பு, திண்டிவனத்தில் வரவேற்பு என்று நானும் லேசரோடு வேனில் போய்வருகிறேன். என் தாயார் அஞ்சம்மாள் மட்டும் இதில் மகிழ்ச்சியடைகிறார். நான் நாலு நல்லது கெட்டதுக்குப் போய் நாலு பேர் கண்ணில் படுகிறேனாம். ஒரு வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், “லைட்டுக்காரப் பொண்ணு, சாப்ட்டியாம்மா?” என்று அன்பாகக் கேட்டார். நான் லைட்டுக்காரப் பெண் இல்லை என்று மறுக்க எனக்கு என்ன இருக்கிறது? சாப்பிட்டுவிட்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

15. ஐயா, இதுவரை எழுதியதைத் தாங்கள் சிரித்துக்கொண்டே படித்திருந்தால் எனக்கு வருத்தமில்லை. நானும் முதலில் சிரித்தவள்தான். சிரிப்பு நின்றது பெருமுக்கல்லில்.

16. அங்கே குப்பம்மாள் என்பவர் குத்தகை நிலத்தில் மல்லாட்டை போடுகிறார். என் ஆய்வுக்கான வேர்களில் பாதிக்கு மேல் அவர் நிலத்தில் பிடுங்கியவை. செடி சாயும்போதெல்லாம் மண்ணோடு பெயர்த்து, ஈரத் துணியில் சுற்றி, பேருந்து நடத்துநரிடம் கொடுத்து எனக்கு அனுப்பிவைப்பார். நோய் பார்க்கும் விளக்கு வாங்கப் போகிறோம் என்று நான்தான் அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். கடந்த மாதம் பெருமுக்கல்லில் ஒரு காதணி விழா. பந்தலில் லேசர் பட்டாம்பூச்சி போட்டுக்கொண்டிருந்தது. விருந்துக்கு வந்த குப்பம்மாள் என்னைப் பார்த்துவிட்டு அருகில் வந்து, பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். “இதான் அந்த லைட்டா, கண்ணு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பந்தல் முழுவதும் ஓடும் ஒளியை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, “இவ்ளோ வெளிச்சம் அடிக்குதே கண்ணு, இன்னுமா தெரியல?” என்றார்.

17. அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். இந்த ஆண்டும் அவர் நிலத்தில் செடி சாய்ந்திருக்கிறது. அன்றுதான் இந்த மனுவை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

18. ஆகவே ஐயா அவர்களிடம் நான் வேண்டுவது இதுதான். இந்த லேசரைத் திரு. பிரவீன்குமாரிடமே ஒப்படைக்கவும், திரும்ப வரும் தொகையோடு நிதியில் எஞ்சியிருப்பதையும் சேர்த்து, நான் முதலில் தேர்ந்தெடுத்த நீல லேசரை வாங்கவும் கல்லூரிக்கு அறிவுறுத்த வேண்டும். பெங்களூர் நிறுவனத்தாரிடம் பேசிவிட்டேன். அன்று மாதிரிக்குக் கொண்டுவந்த லேசரையே உடனே அனுப்பிவைக்க இசைந்திருக்கிறார்கள். அது வந்தால் படம் எடுக்க எனக்கு அதிக நாள் தேவைப்படாது. என்ன தேட வேண்டும் என்பது எனக்குத் தெரியும், ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

19. இயங்கவில்லை என்ற சான்று இல்லாமல் எதுவும் நடக்காது என்று குழு மீண்டும் சொல்லும். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. வரும் சனிக்கிழமை, தேசிய அறிவியல் நாளன்று, எங்கள் கல்லூரியில் நடைபெறும் கண்காட்சியைத் தாங்கள் தொடங்கிவைக்க வருகிறீர்கள். அழைப்பிதழில் தங்கள் பெயர் தங்க நிறத்தில் அச்சாகியுள்ளது. தாங்கள் குத்துவிளக்கு ஏற்றியதும் மேளம் முழங்கும், அரங்கின் சுவரில் இந்த லேசர் தங்கள் பெயரை எழுதும். அடுத்து மயில் வரும். பள்ளிப் பிள்ளைகள் வருவதால், ஒளி யார் கண்ணிலும் படாமல் கூரையை ஒட்டி மட்டும் விழும்படி நானே திருப்பி வைத்துக் கட்டியிருக்கிறேன். அந்த நேரத்தில் செயலாளர் கைதட்டுவார். அவரைப் பார்த்து எல்லாரும் கைதட்டுவார்கள். தாங்களும் மரியாதைக்காகக் கைதட்ட நேரிடும்.

20. அருள்கூர்ந்து தாங்கள் கைதட்ட வேண்டாம். கையை உயர்த்தி, கொஞ்ச நேரம் எல்லாரும் அமைதியாக இருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கள் சொல்லைத் தட்ட அங்கே யாரும் இல்லை. மேளக்காரர்களும் நிறுத்துவார்கள். மயில் பாதித் தோகையில் நின்றுபோகும், தங்கள் பெயரும் அணைந்துவிடும். அப்போது குழுவினர் எல்லாரும் தங்கள் அருகிலேயே அமர்ந்திருப்பார்கள். இந்தக் கருவி இயங்குகிறதா என்று அவர்களைத் தாங்கள் கேட்க வேண்டும். இயங்குகிறது என்று காட்ட வேண்டுமானால் யாராவது ஒருவர் முதலில் கைதட்டியாக வேண்டும்; யாரும் தட்டாவிட்டால் குழு கேட்கும் சான்று அங்கேயே கிடைத்துவிடும். மாவட்ட ஆட்சியர் அமைதி கேட்ட அரங்கில் அந்தத் துணிவு யாருக்கு வருகிறது என்று பார்ப்போம்.

21. நான் மேடைக்கு இடப்பக்கம், அந்தக் கறுப்புப் பெட்டியின் அருகில் நிற்பேன். பெருமுக்கல்லிலிருந்து குப்பம்மாளையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கு அந்த இருட்டில்தான் நான் பதில் சொல்லத் தொடங்க முடியும்.

இடம்: விழுப்புரம்
நாள்: 23.02.2026

இரு கைகளையும் கட்டிக்கொண்டு,
தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
சி. இசைவாணி